ஐம்பது வெள்ளி நோட்டும் அதிகாலைப் போணியும்

வெளிநாட்டவரை இங்கே குடியமர்த்தும் இந்த அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, ஓய்வு பெற்றவன் வாயைத் திறந்தால் தேநீர் ஆறிவிடும் என்று நீங்கள் அஞ்சுவது முகத்தில் தெரிகிறது. ஆகவே குடித்துக்கொண்டே கேளுங்கள். வீடு பிடிப்பது, பிள்ளைகளுக்குப் பள்ளி தேடுவது, குடிநுழைவு அலுவலகத்தில் எந்த முகப்பில் முதலில் நிற்பது என்பனவற்றையெல்லாம் உங்கள் கணினி சொல்லித் தரும். நான் சொல்லப்போவது அதில் இல்லை. ஈப்போவுக்குக் கணவரின் வேலை நிமித்தம் வந்த ஓர் அம்மையார், இரண்டு வெள்ளிக் கீரை வாங்க முடியாமல் ஊரை விட்டே கிளம்ப இருந்த கதை அது.

அவர் பெயர் பிர்கிட். டென்மார்க்கைச் சேர்ந்தவர். கணவர் சிம்பாங் பூலாய்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஆலை ஒன்றில் பொறியாளர். ஒப்பந்தம் இரண்டு ஆண்டு. கணவரின் வேலைப் பெர்மிட் கடவுச்சீட்டில் ஏறும்வரை இருவருக்கும் இங்கே வங்கிக் கணக்குத் திறக்க வழியில்லை. அதுவரை தம் நாட்டு அட்டையை இங்குள்ள பணம் எடுக்கும் இயந்திரத்தில் செருகித்தான் காலம் தள்ள வேண்டும். இப்படி எடுக்கும் ஒவ்வொரு முறையும் இங்குள்ள இயந்திரம் ஒரு கட்டணம் பிடிக்கும். அவர்கள் ஊர் வங்கி இன்னொரு கட்டணம் பிடிக்கும். போதாக்குறைக்கு, 'உங்கள் நாட்டு நாணயத்திலேயே கணக்கிட்டுத் தரட்டுமா?' என்று இயந்திரம் தாயன்போடு கேட்கும். வேண்டாம் என்று அழுத்தச் சொல்லுங்கள். அந்த அன்பு இலவசமன்று.

பிர்கிட் அம்மையார் சிக்கனத்தை ஒரு விரதம்போல் காப்பவர். முதல் வாரத்திலேயே கட்டணங்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"என் பணத்தை நானே எடுப்பதற்கு, மூன்று கட்டுக் கீரை விலையைக் காவற்காரனுக்குக் கொடுக்க வேண்டுமா?"

நம் அலுவலகத்தின் வழக்கமான அறிவுரையையே நானும் கூறினேன். நீங்களும் நாளை அதையே கூறுவீர்கள். சிறுகச் சிறுக எடுக்காதீர்கள். ஒரே முறையில் பெருந்தொகையாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் ஒரு முறையோடு போகும். அறிவுரையில் பிழையே இல்லை. அவரும் அப்படியே செய்தார். இயந்திரம் மொடமொடப்பான ஐம்பது வெள்ளி நோட்டுகளாகக் கக்கியது. அவற்றோடு அம்மையார் மறுநாள் விடியற்காலையில் சந்தைக்குப் புறப்பட்டார்.

இரு வாரம் கழித்து அவரும் கணவரும் அலுவலகத்துக்கு வந்து என் எதிரே அமர்ந்தனர். அம்மையாரின் கண்கள் சிவந்திருந்தன.

"இந்த மாத இறுதிவரை பார்ப்பேன். அதன்பின் ஊருக்குத் திரும்பிவிடுவேன்" என்றார்.

"வீட்டில் ஏதேனும் குறையா?"

"வீடு நன்றாக இருக்கிறது. சந்தையில் இருப்பவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை. நான் வருவதைக் கண்டால் ஒளிந்துகொள்கிறார்கள்."

"ஒளிந்துகொள்கிறார்களா?"

"மேசைக்கு அடியில்."

பேரங்காடியில் எல்லாம் கிடைக்குமே, அங்கே அட்டையைத் தேய்த்தாலே போதுமே என்றேன். அவர் தலையை அசைத்தார். "அங்கே என்னிடம் பேசுவது இயந்திரம். என் கணவருக்கு ஆலையில் நூறு பேர் காலை வணக்கம் சொல்கிறார்கள். எனக்கு இந்த ஊரில் ஒரே ஒரு கடையிலாவது என்னைக் கண்டதும் ஒருவர் சிரிக்க வேண்டும். அது நடக்காத ஊரில் இரண்டு ஆண்டு நான் என்ன செய்வேன்?"

கணவர் நல்ல மனிதர். தாழ்ந்த குரலில், "இவள் போனால் நானும் போய்விடுவேன்" என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் சென்றபின் நம் பழைய மேலாளரிடம் ஓடினேன். சிக்கனமாகப் பேசுகிற சீனப் பெண்மணி அவர். ஒரு சொல் கூடுதலாகப் பேசினால் கட்டணம் பிடிப்பார்களோ என்பது போன்ற பேச்சு. நம் ஊர் மக்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர், எவரையும் வெறுப்பவர்கள் அல்லர் என்று நான் உணர்ச்சியோடு ஒரு சொற்பொழிவைத் தொடங்கினேன்.

"ஊரை எனக்கு விளக்காதே. அந்த அம்மா நிற்கிற இடத்தில் போய் நில்" என்றார். அவ்வளவுதான். கோப்பைக் குனிந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் விடியலில், அம்மையார் முன்னே செல்ல, பத்தடி பின்னே நான் நடந்தேன். வெயில் அவருக்கு ஆகாது. ஆகவே கடை விரிக்கும் வேளையிலேயே, எவருக்கும் முன்னால், வந்துவிடுவார். சந்தை வாயிலில் அந்த உயர்ந்த வெண்மையான உருவம் தோன்றியதுதான் தாமதம், கடைவரிசையில் ஓர் அதிர்வு ஓடிற்று. மீன் கடைச் சீனர் ஆ கியோங் சட்டெனக் குனிந்து தம் காலணிக் கயிற்றை முடியத் தொடங்கினார். அவர் அணிந்திருந்தது முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ். அதில் கயிறே கிடையாது. தேங்காய்க் கடைக்காரர் உரித்த தேங்காயையே மீண்டும் உரிப்பதுபோல் பாவனை செய்தார். கீரைக் கடை சரோஜாவோ இருந்த இடம் தெரியாமல் மறைந்தார். பூசணிக்காய்க் குவியலுக்குப் பின்னே, அவர் கொண்டையில் வைத்திருந்த மல்லிகைச் சரம் மட்டும் ஒரு சாண் உயரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது.

பிர்கிட் அம்மையார் ஆளற்ற கடைமுன் சற்று நேரம் நின்றார். கையில் ஐம்பது வெள்ளி நோட்டு. பின்பு திரும்பி என்னைப் பார்த்தார். காரை நோக்கி நடந்தார். அந்த நடையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

நான் கடைக்கு முன்னால் சென்று குனிந்தேன்.

"சரோஜா, எழுந்திரும்மா. கொண்டைப் பூ தெரியுது."

"போயிட்டாங்களா ஐயா?"

"போய்விட்டார். இதென்ன அநியாயம்? அந்த அம்மா உனக்கு என்ன கெடுதல் செய்தார்?"

சரோஜா முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "ஐயோ, அவங்க மேல எனக்கு என்னலா கோவம்? தங்கமான பொம்பள. ஆனா விடியக்காலைல கடை தொறக்கறப்ப முத ஆளா வந்து நிக்கிறாங்க. ரெண்டு வெள்ளி கீரைக்கு அம்பது வெள்ளிய நீட்டுறாங்க. போணிக்கு வந்தவங்கள வெறுங்கையா அனுப்பலாமா? அனுப்பினா அன்னைக்கு யாவாரம் செத்துச்சு. சரி, மிச்சம் குடுக்கலாம்னா, முத காசு பெட்டில விழற நேரத்துல நாப்பத்தெட்டு வெள்ளி வெளிய போவுது. அது இன்னும் மோசம். நாளைக்குக் குடுங்கன்னு விடலாம்னா, போணில கடன் சொல்லவே கூடாது. மூணு பக்கமும் அடைச்சுக்கிச்சு ஐயா. நாலாவது பக்கம் மேசைக்கு அடிலதான் இருந்துச்சு."

"ஒளிந்துகொண்டால் மட்டும் போணி கெடாதா?"

"அவங்க என்னப் பாக்கல. நானும் அவங்களப் பாக்கல. அப்புறம் எப்படி திருப்பி அனுப்பினதா ஆவும்?"

பாவ புண்ணியங்களைப் பற்றி நாற்பது ஆண்டுகளாகப் பதிகம் ஓதி வருகிறேன். இத்துணை நுட்பமான வாதத்தை நான் எந்த மடத்திலும் கேட்டதில்லை.

"இதை நேரில் சொல்லியிருக்கலாமே?"

"எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல போணிக்கு வார்த்தை இல்லலா ஐயா."

பக்கத்திலிருந்து ஆ கியோங் மலாயில் குரல் கொடுத்தார். தம் மொழியிலும் இதே வழக்கம் உண்டாம். முதல் வியாபாரம் கோணினால் அன்றைய மீன் வீட்டுப் பூனைக்குத்தானாம்.

"மச்சான், பூட்ஸுக்குக் கயிறு கட்டி முடிச்சாச்சா?" என்று தேங்காய்க் கடைக்காரர் அவரைக் கேட்டார். சந்தையே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் காரில் அமர்ந்திருந்தவர் சிரிக்கவில்லை என்பது உடனே நினைவுக்கு வந்தது.

காரில் ஏறி அம்மையாரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். முதலில் வரும் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், சரக்கின் மேல் சுற்றிப் பெட்டியில் இடுவார்கள், அன்றைய நாள் முழுதும் அந்தக் காசின் வழியே நடக்கும் என்றேன். அவர் கையிலிருந்த நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்படியானால் அவர்கள் என்னை வெறுக்கவில்லை?"

"உங்கள் நோட்டுக்குத்தான் அஞ்சுகிறார்கள்."

"சரி. நான் இரண்டாவதாக வருகிறேன்" என்றார். தெளிவான மூளை.

ஆனால் தெளிவான மூளைக்கு நம் ஊரில் வேறு தடைகள் உண்டு. மறுநாள் அவர் சரோஜா கடைக்கு ஓரமாக, முதல் வாடிக்கையாளரை எதிர்பார்த்து நின்றார். ஒரு மலாய் அம்மா கூடையோடு வந்தார். காத்து நிற்கும் வெள்ளைக்கார அம்மையாரைக் கண்டதும் மரியாதையாகப் பின்னே ஒதுங்கி, "சிலாக்கான், மேடம்" என்று வழிவிட்டார். இவர், "இல்லை, நீங்கள் முதலில்" என்றார். அவர் இன்னும் குனிந்து, "இல்லை, நீங்கள்தான்" என்றார். அடுத்து வந்த ஓய்வு பெற்ற சீன ஆசிரியர் இருவருக்கும் பின்னால் நின்றார். வரிசை நீண்டது, எவரும் முன்னே வரவில்லை. சரோஜா பூசணிக்குப் பின்னிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சில்லறைக்குப் பஞ்சமான அந்தச் சந்தையில் பணிவுக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

வேறு வழிகளையும் முயன்றோம். பத்து வெள்ளி நோட்டுத் தரும் இயந்திரம் ஒன்று இருந்தது. ஆனால் பத்துகளாக வேண்டுமென்றால் சிறு தொகையாக எடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் கட்டணம். "அதற்குப் பதில் ஊருக்கே போய்விடுகிறேன்" என்றார் அம்மையார். வங்கி முகப்பிலோ சில்லறை மாற்றித் தரவும் ஒரு கட்டணம் கேட்டார்கள், பேரங்காடி இயந்திரமோ அட்டையைத் தவிர வேறெதையும் வாங்காது. காப்பிக் கடைக்காரரிடம் கேட்டேன். விடியற்காலையில் சில்லறை கேட்பவனை அவர் கடன் கேட்பவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மாதமோ தேய்ந்துகொண்டிருந்தது. கணவர் விமானச் சீட்டு விலைகளைத் திறன்பேசியில் பார்க்கத் தொடங்கிவிட்டதாக ஆலையிலிருந்து செய்தி வந்தது.

வழி கிடைத்த இடத்தைச் சொல்ல எனக்குச் சற்றுக் கூச்சம். நாள்தோறும் விடியுமுன்னே நடக்கும் காலைப் பூசையில் எங்கள் சிவன் கோயிலில் நான் பதிகம் ஓதுவது வழக்கம். அன்று இறைவன் திருவடியில் நிற்க வேண்டிய மனம், கண்மூடிய நிலையிலும், 'இத்தனை ஒரு வெள்ளி நோட்டுக்கு நான் எங்கே போவேன்' என்று அலைந்தது. பாட்டு வாயில், மனம் கீரைக் கடையில். அப்போது அர்ச்சனைச் சீட்டு விற்கும் முகப்பிலிருந்து கோயில் பொருளாளர் செட்டியாரின் முணுமுணுப்புக் கேட்டது.

"முருகா! மறுபடியும் முழுக்க ஒத்த வெள்ளியா! இதத் தூக்கிக்கிட்டு பேங்குக்குப் போனா, சில்லறை எண்ணுறதுக்கு அவன் ஒரு சார்ஜ் போடுவான்!"

அடியேன் வாழ்நாளில் முதன்முறையாகப் பதிகத்தை ஓர் அடி முன்னதாகவே முடித்தேன். இறைவன் மன்னித்தான் என்றே நம்புகிறேன். வழியைக் காட்டியவனே அவன்தானே. பெரிய நோட்டு வைத்துக்கொண்டு கட்டணம் கட்டிக் கண்கலங்கும் ஒருவர். சிறிய நோட்டு வைத்துக்கொண்டு கட்டணம் கட்டிக் கண்கலங்கும் இன்னொருவர். இருவருக்கும் நடுவே ஒரு சந்தைத் தூரம்.

செட்டியாரிடம் விவரத்தைச் சொன்னேன். அவர் பரம்பரையாக வணிகம் செய்து வரும் குடும்பத்தவர். எதையும் ஒரு முறை எடை போடாமல் தலையசைக்க மாட்டார்.

"அண்ணே, உண்டியல் காசத் தொட முடியாது, அது சபை கூடிப் பிரிக்கணும். சீட்டுக் காசு வேணா மாத்தலாம். ஆனா பூசை முடியறதுக்கு முன்ன இந்தப் பெட்டியிலேருந்து ஒரு வெள்ளி வெளிய போகாது. அது நம்ம வழக்கம்."

"அந்த அம்மா காத்திருப்பார்."

"உக்காந்துதான் காத்திருக்கணும். நின்னுக்கிட்டு மணி பாத்தா எனக்குக் கை வராது."

மறுநாள் பிர்கிட் அம்மையார் நீண்ட பாவாடை உடுத்தி வந்து, தூண் ஓரமாகச் சம்மணமிட்டு அமர முயன்று, நெடிய கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்து, ஒருவாறு அமர்ந்தார். பதிகம் முடியும்வரை அசையவில்லை. குருக்கள் நீட்டிய திருநீற்றைப் பார்த்து என்னைப் பார்த்தார். நான் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். கன்னம் வரை பூசிக்கொண்டார். பிறகு முகப்பில் ஐம்பது வெள்ளியை வைத்தார். செட்டியார் ஒற்றை வெள்ளிக் கட்டை நீட்டினார். நீல நோட்டுகளில் குங்குமக் கறை, சந்தன வாசம்.

"கட்டணம் எவ்வளவு?" என்று அம்மையார் பணப்பையைத் திறந்தபடி கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். செட்டியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "கட்டணமா? இது கோயிலுன்னு சொல்லுங்க அண்ணே! அவங்க வந்து வாங்கிட்டுப் போறதே எனக்கு லாபம்!"

அதை நான் சொன்னதும், நான் பார்த்து அந்த அம்மையார் முதன்முதலாகச் சிரித்தார். "இந்த நாட்டில் நான் கண்ட ஒரே நல்ல வங்கி" என்றார். செட்டியாருக்கு அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அங்கிருந்து நேரே சந்தை. வாயிலில் அவர் உருவம் தெரிந்ததும் வழக்கம்போல் பூட்ஸ், தேங்காய், பூசணி எல்லாம் அசைந்தன. நான் கூறியிருந்தபடி அவர் கையை உயர்த்தி, இரண்டு நீல நோட்டுகளை விசிறிபோல் அசைத்துக்கொண்டே நடந்தார். மல்லிகைச் சரம் நின்றது. பிறகு மெல்ல உயர்ந்தது. அதன்கீழ் கொண்டை, நெற்றி, கண்கள் என்று சரோஜா உதயமானார். நோட்டை வாங்கினார்; குங்குமத்தைக் கண்டார்; அம்மையாரின் கன்னத்துத் திருநீற்றைக் கண்டார்.

"கோயில் காசா!" என்றார்.

கண்ணில் ஒற்றிக்கொண்டார். கீரைக் குவியலை மூன்று சுற்றுச் சுற்றினார். பிறகு அம்மையாரின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாரே ஒரு சிரிப்பு, இத்தனை நாள் மேசைக்கு அடியில் சேமித்து வைத்ததெல்லாம் அதில் இருந்தது. கீரையோடு ஒரு கைப்பிடி கறிவேப்பிலை சும்மாவே வந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் உங்களை இவ்வளவு நேரம் இருத்தியிருக்க மாட்டேன். அன்று சரோஜாவின் கீரை வெயில் ஏறுமுன்னே தீர்ந்துவிட்டது. மழைக்கு முந்திய நாள், எல்லோரும் சேர்த்து வாங்கினார்கள் என்பது என் கருத்து. சந்தையின் கருத்து வேறு. மறுநாளும் தீர்ந்தது. அதன்பின் அந்த அம்மையாருக்குக் கைராசி என்று வரிசை முழுதும் பேச்சுப் பரவிற்று.

மாத இறுதி நாள் வந்தது. நானும் மேலாளரும் அலுவலகத்தில் வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிர்கிட் அம்மையார் விறுவிறுவென்று உள்ளே வந்தார், இரு கைகளிலும் பிதுங்கும் பைகள், முகம் கடுமை.

"ஒரு புகார்" என்றார்.

"சொல்லுங்கள்."

"மீன்காரர் வழியை மறிக்கிறார். தேங்காய்க்காரர் என் பையைப் பிடித்து இழுக்கிறார். சரோஜா இருவரையும் திட்டுகிறாள். எல்லோருக்கும் நான்தான் முதலில் வாங்க வேண்டுமாம். ஒரு நாளில் மூன்று கடையில் எப்படி முதல் ஆளாக இருப்பது? ஆகவே மூன்று கடையிலும் ஒரே ஓட்டமாக ஓடி வாங்குகிறேன். நாள்தோறும் கீரை தின்று அலுத்த என் கணவர் நேற்று, 'நான் மனிதனா, ஆடா?' என்று கேட்டார்."

"அம்மா, மன்னிக்க வேண்டும், நான் போய்ச் சொல்லி..."

"சொல்லக் கூடாது!" என்று மேசையைத் தட்டினார். "வீட்டிலிருக்கும் குளிர்பெட்டி சிறியது. பெரியது வேண்டும். இரண்டு ஆண்டு தாங்குகிற மாதிரி."

நம் மேலாளர் கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார், கோப்பு குலுங்கியது.

பின்னர் பெர்மிட் வந்தது. வங்கிக் கணக்கும் திறந்தது. இனிக் கட்டணமில்லை, கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்துக்குத் திறன்பேசியைக் காட்டினாலே பணம் போய்விடும் என்று பெருமையோடு சொல்ல, அம்மையாரின் புதிய அட்டையோடு சந்தைக்கே போனேன். சரோஜாவும் ஆ கியோங்கும் முகம் வாடி நின்றனர். சரோஜா என்னைத் தனியே இழுத்தார்.

"ஐயா, அந்த மெசின் கட்டணத்த வேணா நாங்க கடைக்காரங்க சேந்து குடுத்துடறோம். அம்மாவ கைல காசு கொண்டாரச் சொல்லுங்கலா."

அதை நான் அம்மையாருக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கைகாட்டி நிறுத்தினார். நெற்றியில் திருநீறு, அன்றும் கோயிலிலிருந்துதான் வந்திருந்தார். என் கையிலிருந்த புதிய வங்கி அட்டையைப் பார்த்தார். பிறகு, ஒன்றும் அறியாத குழந்தையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"திறன்பேசியில் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். அதை சரோஜா எப்படிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்?"

தம்பிகளே, தங்கைகளே, கட்டணத்தைப் பற்றிய நம் அறிவுரை இன்றும் சரியானதே, கூசாமல் கூறுங்கள். ஆனால் அந்தப் பெரிய நோட்டோடு அவர்கள் முதல்முறை கடைக்குப் போகும்போது, நீங்களும் பத்தடி பின்னே செல்லுங்கள். கடையில் ஆளைக் காணோமென்றால் திரும்பிவிடாதீர்கள். பூசணிக்குப் பின்னால் எங்கேனும் மல்லிகை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், குனிந்து கேளுங்கள்.